உப்புத்தாள்

ஊசி அசையவில்லை. பிச்சையாவிடம் இருந்த ஒரே வாதம் அதுதான்.

செம்பூரில் கம்பெனியின் சப்ஸ்டேஷனில் அவன் போர்டு அட்டெண்டன்ட். கண்ட்ரோல் ரூம் சுவரை அடைத்து நிற்கும் இரும்புப் பலகைகளில், வெளியே போகும் ஒவ்வொரு லைனுக்கும் மீட்டர்கள் உண்டு. அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதும், ஊசி சிவப்புக் கோட்டைத் தாண்டினால் அந்த லைனை நிறுத்துவதும் அவன் வேலை. சாதாரணமாக அவன் கை வைக்க வேண்டியிருக்காது. எங்காவது கம்பி அறுந்து தரையைத் தொட்டால் ரிலே என்ற பெட்டி தானாகவே லைனை வெட்டிவிடும். மான்குர்து லைனின் ரிலே மட்டும் பழுதாகி, மாற்றுப் பெட்டி வராமல், கழற்றி வைக்கப்பட்டிருந்தது. ‘ஊசியைக் கவனமாகப் பார்க்கவும்’ என்று அந்த இடத்தில் ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ரிலே செய்ய வேண்டியதை மனிதன் செய்ய வேண்டும்.

அறுபத்தேழாம் வருஷத்து ஜூலை மழையில் ஒரு மாலை அந்த லைனில் ஒரு கம்பி அறுந்து, நகரத்துக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகும் பெரிய இரும்புக் குழாயின் மேல் விழுந்தது. சாலை தண்ணீரில் முழுகியிருந்ததால் ஜனங்கள் குழாய் மேலேறி நடந்துகொண்டிருந்தார்கள். ரத்னகிரிப் பக்கத்து மில் தொழிலாளிகள், அண்ணனும் தம்பியும், அங்கேயே செத்தார்கள். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து டெலிபோன் வந்த பிறகுதான் பிச்சையா லைனை நிறுத்தினான்.

இரும்புக் குழாயில் விழுந்த கம்பி பூமியோடு முடிச்சுப் போட்ட மாதிரி. கரண்ட் பெருகி ஊசி துள்ளியே ஆகவேண்டும். விசாரணைக்கு உட்கார்ந்தவர்கள் எல்லோரும் மின்சாரம் படித்தவர்கள். அவர்களுக்கு இதில் சந்தேகம் எழவில்லை. அன்று குர்லாவில் தண்டவாளம் முழுகி லோகல் ரயில்கள் நின்றுபோயிருந்தன. பிச்சையாவை விடுவிக்க வேண்டிய ஆள் வரவில்லை. காலை டூட்டி முடித்தவன் அப்படியே அடுத்த டூட்டியிலும் உட்கார்ந்திருந்தான். ஆகவே தூங்கிவிட்டான் என்பது அவர்கள் கணக்கு. ஒரு மராத்திப் பத்திரிகை, மதராஸி தூங்கினான், மராத்திக்காரன் செத்தான் என்று எழுதியும்விட்டது. கம்பெனி விசாரணையின் முடிவைப் பார்த்துவிட்டு வழக்குப் போடலாம் என்று போலீஸ் காத்திருந்தது. போவது வேலை மட்டுமல்ல, ஜெயிலும் உண்டு என்பது தாராவியில் அவன் குடியிருந்த சால் என்கிற வரிசைக் குடியிருப்பில் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

சோதனைப் பிரிவின் உதவி என்ஜினீயர் சங்கரன் மட்டும் விசாரணையில் வேறொன்று சொன்னார். மாட்டுங்காவில் வெகுகாலமாக இருக்கும் பாலக்காட்டுக் குடும்பத்தவர். கேட்காமல் பேசுகிற வழக்கம் இல்லாதவர். கண்ட்ரோல் ரூம் மீட்டர் நேராகக் கம்பியைப் பார்ப்பதில்லை, நடுவில் ஒன்று இருக்கிறது என்றார்.

அவர் குறிப்பிட்டது சி.டி. என்று எல்லோரும் அழைக்கும் கருவியை. யார்டில் வெயிலிலும் மழையிலும் இரும்புச் சட்டத்தின் மேல் நிற்கும் கனத்த பீங்கான் தூண் அது. லைனின் மூன்று கம்பிகளுக்கு மூன்று. கம்பியில் ஓடும் பெரிய கரண்டைச் சிறிதாக்கி, அடியில் உள்ள ஒரு பெட்டியிலிருந்து ஒயர் வழியாக அறைக்குள் அனுப்பும். ஊசி பார்ப்பது அதைத்தான். அடிப்பெட்டிக்குள் ஒயரை இறுக்கிப் பிடிக்கும் திருகுகள் பித்தளை. செம்பூர்க் காற்றில் ஆலைப் புகையும் உரத்தூளும் கடலின் ஈரமும் கலந்திருக்கும். பித்தளை சீக்கிரம் பச்சையாகிவிடும். களிம்பு ஏறிய திருகு கரண்டைத் தடுக்கும். தினசரி ஓட்டத்தில் அந்தத் தடை வெளியே தெரியாது; ஊசி சரியாகவே காட்டும். கரண்ட் பல மடங்கு பெருகும்போதுதான் சி.டி. திணறி, அனுப்ப வேண்டியதை அனுப்பாமல் விடும். நல்ல நாளில் உண்மை சொல்லி, கெட்ட நேரத்தில் மட்டும் பொய் சொல்லும். சங்கரன் வேறோர் இடத்தில் அப்படி ஒன்றைப் பார்த்திருந்தார்.

விசாரணைத் தலைவர் வெங்கடராமன், சூப்பரிண்டெண்டிங் என்ஜினீயர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“டெஸ்ட் பண்ணிப் பாத்துடு. ஆனா நம்பரோட வா சங்கரா. கதையோட வராதே.”

வராந்தாவில் காத்திருந்த பிச்சையாவிடம் சங்கரன் விஷயத்தைச் சொன்னார். அவனுக்கு முப்பது வயதிருக்கும். கோவில்பட்டிப் பக்கம் பள்ளிக்கூடப் படிப்பை முடித்துவிட்டு வந்தவன், சி.டி. என்ன செய்யும் என்பது தெரியும். கேட்டுக்கொண்டே இருந்தவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். கம்பி விழுந்த நாளிலிருந்து அவனை யார்டுக்குள் விடுவதில்லை. அவன் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, காத்திருப்பதைத் தவிர.

வீட்டுக்குப் போய் மனைவி சொர்ணம்மாளிடம் அவன் சொன்னது சுருக்கமானது. சங்கரன் சார் சி.டி.யை டெஸ்ட் பண்ணப்போகிறார், நம் தலையெழுத்து அதில்தான் இருக்கிறது. சொர்ணம்மாள் அதைத் தன் அண்ணனிடம் சொன்னாள். சொல்லும்போது, டெஸ்டில் எல்லாம் நல்லபடியாக வரவேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

அண்ணன் கோமதிநாயகம் செம்பூர் யார்டில் பராமரிப்பு கேங்கின் மேஸ்திரி. ஆண்டாப் ஹில்லில் குடியிருந்தார். தங்கையையும் மாப்பிள்ளையையும் ஊரிலிருந்து அழைத்து வந்து, கம்பெனியில் சொல்லி வைத்து வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அவர் கேங்குதான் சி.டி.யை இறக்க வேண்டும்.

அந்த வாரம் சங்கரனை உல்லாஸ்நகரில் ஒரு புது லைன் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்தே அவர் யார்டுக்கு டெலிபோனில் உத்தரவு சொன்னார். மான்குர்து லைனுக்குப் பகலில் பந்த் வாங்கி, கரண்டை நிறுத்தி, அறுந்த கம்பியின் சி.டி.யை இறக்கி, மாட்டுங்கா சோதனைக்கூடத்துக்கு அனுப்புங்கள். வழக்கமாகச் சொல்கிற வார்த்தைகள். இருக்கிறபடியே அனுப்புங்கள், கை வைக்காதீர்கள் என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. எது இறக்கப்படுகிறது, எதற்காக என்பது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்திருக்க வேண்டும்.

உல்லாஸ்நகரிலிருந்து திரும்பிய அன்று காலை அவர் சோதனைக்கூடத்துக்குள் நுழைந்தபோது சி.டி. வந்து இறங்கியிருந்தது. வைக்கோல் பரப்பி, சாக்கு விரித்து, அதன்மேல் நிறுத்தியிருந்தார்கள். பீங்கான் சோப்புப் போட்டுக் கழுவி, முகம் பார்க்கலாம் போல இருந்தது. இடுப்புக்குச் சற்று மேலே சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. சரஸ்வதி பூஜைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

பக்கத்தில் கோமதிநாயகம் நின்றார். கூட அய்யாத்துரை என்ற கேங்கு ஆள், வலது கை விரல்களில் துணி சுற்றிக்கொண்டு.

“பாத்தியளா சார், புது மாப்பிள்ள கணக்கா இருக்கு” என்றார் கோமதிநாயகம். “சந்தனம் தங்கச்சி அரச்சுக் குடுத்தது.”

சங்கரன் குனிந்து அடிப்பெட்டியின் மூடியைத் திருகிக் கழற்றினார். உள்ளே பித்தளை மஞ்சளாக மின்னியது.

“இதை யார் செஞ்சது?”

“நம்ம கேங்கு பூராவும்தான் சார். ஞாயித்துக்கெழம லீவையும் விட்டுட்டு வந்தானுவ. மேல உள்ள அழுக்குகூடப் பெரிசில்ல. இந்தப் பொட்டிக்குள்ளதான் சீண்டரம். பூரா களிம்பு. அய்யாத்துர உப்புத்தாள வச்சுத் தேச்சான் பாருங்க, வெரல்ல தோலு கழண்டு போச்சு. காட்டுல சாருக்கு.”

அய்யாத்துரை வெட்கப்பட்டுக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

“களிம்பு பச்சையா இருந்துதா?”

“பச்சன்னா, முருங்கக்கீர அரச்சு அப்பின மாதிரி. நட்டெல்லாம் தின்னு போயிருந்துது சார். குர்லாவுல புதுப் பித்தள நட்டு வாங்கிப் போட்டுட்டேன். பழச எடைக்கு எடுக்குத கபாடிக்காரன்ட்ட எறிஞ்சாச்சு.”

சங்கரன் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

கோமதிநாயகத்தின் கணக்கு தவறானது என்று சொல்ல முடியாது. அவர் இத்தனை வருஷ வேலையில் கண்டது ஒன்றுதான். அழுக்கோடு போன கருவியைச் சோதனைக்கூடத்தார் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள், மேஸ்திரிக்கு மெமோ வரும். கருவி டெஸ்டில் தேறாவிட்டால் டூட்டியில் இருந்தவன் அதைக் கெடுத்தான் என்று அவன் தலையில் கட்டுவார்கள். தேறிய கருவிக்கு வெள்ளைப் பெயிண்டில் புள்ளி வைத்து அனுப்பிவிடுவார்கள். பிறகு யாரும் யாரையும் ஒன்றும் கேட்பதில்லை. டெஸ்ட் என்பது தேற வேண்டிய ஒன்று. தேறாமல் போனால்தான் ஒருவன் பிழைப்பான் என்ற டெஸ்டை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

சோதனை நடந்தது. நடத்தாமல் இருக்க முடியாது, உத்தரவு இருந்தது. சி.டி.யை மேசைப் பக்கம் நகர்த்தி, கம்பெனி இங்கிலாந்திலிருந்து தருவித்து வைத்திருந்த துல்லியமான சி.டி.யோடு தொடராக இணைத்து, இரண்டின் வழியாகவும் ஒரே கரண்டைச் செலுத்தி, ஒன்று சொல்வதை இன்னொன்று சொல்வதோடு ஒத்துப்பார்த்தார்கள். கரண்டை ஏற்றிக்கொண்டே போனார்கள். சங்கரன் விதிமுறையில் உள்ள எல்லைக்கும் மேலே, கருவி சூடேறும் வரை ஏற்றச் சொன்னார். உதவியாளர் அவரைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு கருவிகளும் ஒரே குரலில் பேசின. வித்தியாசம், அனுமதித்ததில் ஒரு துளி அளவுகூட இல்லை. இவ்வளவு பழைய சி.டி. இவ்வளவு சுத்தமாக வருவது அபூர்வம் என்று உதவியாளர் சொன்னார்.

வெளியே மழைக்கு ஒதுங்கி நின்ற கோமதிநாயகம் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

“பாஸா சார்?”

“சரியாத்தான் காட்டறது” என்றார் சங்கரன்.

கோமதிநாயகம் இரண்டு கைகளையும் எடுத்துக் கும்பிட்டார். சங்கரனையா, உள்ளே இருந்த சி.டி.யையா என்று தெரியவில்லை. பிறகு அய்யாத்துரையின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

சங்கரனுக்கு அப்போதும் ஒரு வழி மிச்சமிருந்தது. லைனின் மற்ற இரண்டு சி.டி.க்களும் ஒரே நாளில் ஏற்றப்பட்டவை, ஒரே காற்றில் நின்றவை. அவற்றின் பெட்டிகளைத் திறந்து, நின்ற இடத்திலேயே, கை படாமல் சோதித்தால் களிம்பு என்ன செய்யும் என்பது நம்பராகவே வரும். அவர் கேங்கின் லாரியிலேயே செம்பூருக்குப் போனார். ஸயானைத் தாண்டும்போது மழை வலுத்தது. லாரியில் கோமதிநாயகம், மாப்பிள்ளை இந்த வழக்கிலிருந்து வெளியே வந்ததும் மாட்டுங்கா கோயிலில் என்ன செய்வதாக வேண்டிக்கொண்டிருக்கிறார் என்பதைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

யார்டின் கேட்டிலிருந்தே தெரிந்தது. அழுக்கேறிக் கறுத்து நின்ற வரிசைகளுக்கு நடுவில், காலியான ஓர் இடத்துக்குப் பக்கத்தில், இரண்டு பீங்கான்கள் வெள்ளைவெளேரென்று மழையில் நின்றன.

“ஒண்ண மட்டும் வெளுத்து வச்சா கண்ண உறுத்தும்லா சார்” என்றார் கோமதிநாயகம். “எப்படியும் லைனு பந்த்து. மூணையும் சேத்தே முடிச்சுட்டோம்.”

சங்கரன் உள்ளே போய் டெலிபோன் செய்து, பக்கத்து லைனுக்கு அரைமணி நேரம் பந்த் கேட்டு வாங்கினார். அதன் சி.டி. ஒன்றின் பெட்டியைத் தானே திறந்தார். உள்ளே பச்சை. திருகும் ஒயரும் எது எங்கே முடிகிறது என்று தெரியாதபடி களிம்பில் முழுகிக் கிடந்தன. அதைச் சோதிக்க வேண்டிய கருவிகளை மறுநாள் கொண்டுவந்து சோதித்தார். அவர் நினைத்தது அப்படியே நடந்தது. சிறிய கரண்டுக்குச் சரியாகச் சொன்ன சி.டி., கரண்ட் ஏற ஏறக் குரல் தாழ்ந்து, கடைசியில் பத்து பங்கில் ஒரு பங்கைக்கூடச் சொல்லவில்லை.

வெங்கடராமன் அந்த எண்களை இரண்டு முறை படித்தார். அவர் கெட்டவர் அல்ல. படித்துவிட்டு வருத்தப்பட்டார் என்பதைச் சங்கரன் பார்த்தார்.

“இது வேற லைனோட சி.டி.” என்றார். “அந்த லைனோடது சரியாத்தானே இருக்கு? நீயே அளந்திருக்கே.”

துடைத்ததற்குப் பிறகு அளந்தது அது என்று சங்கரன் சொன்னார். அதையும் அறிக்கையில் எழுதப்போவதாகச் சொன்னார்.

“எழுது. எழுதினா முதல் கேள்வி என்ன வரும்? துடைச்சது யார். யாராக்கும் அவன்? குத்தவாளியோட மச்சினன். ஏன் துடைச்சான்? போலீஸ்காரன் என்ன நினைப்பான்? தடயத்தை அழிச்சுட்டான்னு நினைப்பான். மச்சினன் உள்ள, அவன் கேங்கு முழுக்க உள்ள. அதுக்கப்பறமும் பிச்சையா தூங்கலைன்னு நிரூபணம் ஆயிடுமா? ஆகாது. தூங்கினதை மறைக்கத்தான் இவா இதைப் பண்ணினான்னு ஆகும்.”

அவா என்னத்தை மறைச்சா சார், காப்பாத்தற மாதிரி இருந்த ஒண்ணைத்தானே அழிச்சா, என்று சங்கரன் கேட்டார்.

“அது உனக்கும் எனக்கும் தெரியும். கோர்ட்டுல ஒருத்தன் தனக்கு அனுகூலமான சாட்சியைத் தானே போய் அழிப்பான்னு சொன்னா யார் நம்புவா?” வெங்கடராமன் காகிதங்களைத் திருப்பிக் கொடுத்தார். “எல்லா லைன்லயும் சி.டி. பெட்டியைத் துடைக்கச் சொல்லி நாளைக்கே ஆர்டர் போட்டுடறேன். இனிமே ஒருத்தனும் சாகமாட்டான். அந்த மட்டுக்கும் நீ பண்ணினது வீண் போகலை.”

ஞாயிற்றுக்கிழமை சங்கரன் தாராவிக்குப் போனார். மாட்டுங்காவிலிருந்து நடக்கிற தூரம்தான். ஆனால் அவர் அதற்குமுன் உள்ளே போனதில்லை. தோல் பதனிடும் தொட்டிகளின் நாற்றம் மழையில் தரையோடு தங்கியிருந்தது. பிச்சையாவின் அறையில் இரண்டு குழந்தைகள் கட்டிலின் கீழே விளையாடிக்கொண்டிருந்தன. சொர்ணம்மாள் அவரைக் கண்டதும் முகம் மலர்ந்து எழுந்தாள். அண்ணன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்றாள். டீயில் ஏலக்காய் தட்டிப்போட்டுக் கொடுத்தாள். இனிமேல் நல்ல காலம்தான் என்று அவள் சொன்னபோது சங்கரன் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

பிச்சையா சட்டையை மாட்டிக்கொண்டு அவரோடு வெளியே வந்தான். கழிமுகத்தை ஒட்டிய மேட்டில், பேச்சுக் கேட்காத தூரத்தில், அவனே முதலில் கேட்டான்.

“தொடச்சிட்டாங்க, இல்லையா சார்?”

சங்கரன் தலையசைத்தார். பிறகு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். பக்கத்து லைனில் கிடைத்த எண்களைச் சொன்னார். வெங்கடராமன் சொன்னதைச் சொன்னார். அறிக்கையில் உள்ளதை உள்ளபடியே எழுதுவதாகவும், அதற்குமேல் நடப்பதற்குத் தான் பொறுப்பாக முடியாது என்றும் சொன்னார். கடைசியில் சொன்னதற்கு அவருக்கே கூச்சமாக இருந்தது.

“டெஸ்ட் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி மச்சான் வந்து சொல்லும்போதே புரிஞ்சுபோச்சு சார்” என்றான் பிச்சையா. “உப்புத்தாள்னு சொன்னாரு. அவரு சிரிச்சுக்கிட்டே இருந்தாரு. நானும் சிரிச்சேன்.”

“சொல்லலையா அவர்கிட்ட?”

“எதச் சொல்ல? எனக்கு இந்த வேல அவரு குடுத்தது. தங்கச்சி புருசன உம்ம கையாலேயே ஜெயிலுக்கு அனுப்பிட்டீருன்னு சொல்லவா? அந்த மனுசன் அன்னைக்கே ரயில்ல தலையக் குடுத்திருவாரு.”

தண்ணீரில் ஒரு செத்த நாய் மிதந்து போய்க்கொண்டிருந்தது.

“ஒண்ணு கேக்கலாமா சார்? நான் தூங்கலன்னு நீங்க நம்புறியளா?”

“நம்பறேன்.”

“எனக்கு அந்தத் தைரியம் போயிருச்சு” என்றான் பிச்சையா. “ஊசியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்னு எல்லார்ட்டயும் சொல்லிச் சொல்லி, இப்ப கண்ண மூடுனா ஊசி துள்ளுது. அசையாம நிக்கதும் தெரியுது, துள்ளுததும் தெரியுது. எது நான் பாத்ததுன்னு சத்தியம் பண்ணச் சொன்னா முடியாது. ரெண்டு டூட்டி சேந்தாப்புல பாத்தவன் கண்ணு. அந்த அண்ணன் தம்பி ரெண்டு பேரும் போயிட்டாக. அது மட்டுந்தான் எனக்கு உறுதியாத் தெரியும்.”

அப்புறம் அவன் சொன்னது தீர்மானமாக இருந்தது. தூங்கிவிட்டதாக விசாரணையில் ஒப்புக்கொள்ளப்போகிறான். ஒப்புக்கொண்டால் சி.டி.யைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். ஏற்கெனவே ஒரு வீடு போய்விட்டது. மச்சான் வீடும் அய்யாத்துரை வீடும் கேங்கு ஆட்கள் வீடும் அதோடு போக வேண்டாம். அவன் ஜெயிலில் இருக்கும்போது சொர்ணம்மாளையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். மச்சானும் உள்ளே இருந்தால் யார் பார்ப்பார்கள்?

சங்கரன் வேண்டாம் என்றார். மேலிடத்துக்குப் போகலாம், யூனியனைப் பார்க்கலாம் என்றார். எதற்கும் பிச்சையா மறுப்புச் சொல்லவில்லை, பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

“நீங்க அறிக்கையில சி.டி. சரியா இருக்குன்னு மட்டும் எழுதுங்க. பொய் இல்லல்லா? மச்சானுக்குத் தெரியக்கூடாது. எப்பவும் தெரியக்கூடாது. இத மட்டும் நீங்க எனக்குச் செய்யணும்.”

சங்கரன் சரி என்றார்.

விசாரணையின் கடைசி அமர்வு கால்மணி நேரம்கூட நடக்கவில்லை. சங்கரனின் அறிக்கை வாசிக்கப்பட்டது. செம்பூர் யார்டின் மான்குர்து லைனிலிருந்து இறக்கப்பட்ட சி.டி., எல்லா அளவுகளிலும், அனுமதித்த பிழைக்கு உட்பட்டே காட்டுகிறது. வெங்கடராமன் பிச்சையாவைப் பார்த்து ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். பிச்சையா எழுந்து, அசதியில் கண் அசந்துவிட்டதாகவும், பயந்து பொய் சொன்னதாகவும், மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னான். இங்கிலீஷில் எழுதி வைத்திருந்த வாக்குமூலத்தின் அடியில் தமிழில் கையெழுத்துப் போட்டான். வெங்கடராமன் அதைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வராந்தாவில் கோமதிநாயகம் வேஷ்டியை மாற்றிக் கட்டி, விபூதி பூசி, ஒரு மூங்கில் தட்டில் தேங்காயும் பழமும் வைத்துக்கொண்டு நின்றார். விடுதலையானதும் நேராகக் கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. பியூன் விஷயத்தைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. பிச்சையா இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் வெளியே வந்தான்.

“தூங்குனியா மாப்ள?”

“ஆமா மச்சான்.”

கோமதிநாயகம் தட்டைத் தரையில் வைத்தார். நிமிர்ந்தபோது அவர் குரல் மெல்லியதாக இருந்தது.

“ஒனக்காண்டி என் பயலுவ வெரலு புண்ணாத் தேச்சானுவ. மிஷினு ஒரு நூலுகூடத் தப்பாக் காட்டல. நீ தூங்கிட்டு, வாயில்லாத மிஷினு மேல பழியப் போட்டுருக்க. செத்தவம் பொண்டாட்டி புள்ளைக்கு நான் என்ன பதிலு சொல்வேன்?”

பிச்சையா தலை நிமிரவில்லை. கோமதிநாயகம் சங்கரன் பக்கம் திரும்பினார்.

“உங்களயும் ஏமாத்திட்டாம் பாத்தியளா சார். இவன நம்பி நீங்க அம்புட்டுப் பேருக்கு முன்னால நின்னு பேசினிய. எங்க குடும்பத்த மன்னிச்சுக்கிடுங்க.”

சங்கரன் பேச வாய் திறந்தார். பிச்சையா அப்போதுதான் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான். சங்கரன் பரவாயில்லை என்றார்.

கீழே கேட்டுக்கு வெளியே சொர்ணம்மாள் குழந்தைகளோடு மழையில் நின்றாள். போலீஸ்காரர்கள் இரக்கப்பட்டுக் கொஞ்சம் விலகி நின்றார்கள். அவள் அழவில்லை. அண்ணன் என்னமோ சொல்லுதாக, நீங்க சொல்லுங்க என்று கேட்டாள். தூங்கித்தான் போனேன் என்று பிச்சையா அவளிடமும் சொன்னான்.

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அவனை அவளுக்குப் பத்து வருஷமாகத் தெரியும். ஒரு கணம், அவள் நம்பவில்லை என்று மேலே படியில் நின்ற சங்கரனுக்குத் தோன்றியது. ஆனால் மிஷின் சரியாக இருக்கிறதே.

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா” என்றாள் அவள். “நான் எத்தன பேருகிட்ட சண்ட போட்டேன்.”

ஆண்டாப் ஹில் பஸ் வந்து நின்றது. கோமதிநாயகம் பெரிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறினார். சொர்ணம்மாள் சின்னதை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். ஜன்னல்களுக்கு எல்லாம் தார்ப்பாய் இறக்கியிருந்ததால் அவர்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்று வெளியிலிருந்து தெரியவில்லை. பஸ் கிளம்பிய பிறகு போலீஸ்காரர்களில் ஒருவர் பிச்சையாவின் தோளில் கை வைத்து, சலோ என்றார்.